உடம்புக்குள் பறக்கும் தீப்பொறி!

சர்க்கரை வியாதிக்காரர்கள் புட்டி மாத்திரை வாங்கலாமா?

சாயங்கால நேரம். மருந்துக் கடையில் நல்ல கூட்டம்.

ஒரு பெரியவர், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டுகிறார். கடைக்காரர், சர்க்கரை வியாதி மாத்திரைகளை எடுத்து வைக்கிறார்.

பெரியவரின் பார்வை கண்ணாடி அலமாரிக்குப் போகிறது. அங்கே பளபளப்பாக ஒரு புட்டி இருக்கிறது. அதன் மேல் "ஆன்டி ஆக்சிடென்ட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது.

"அது என்ன, தம்பி?"

"உடம்பிலே சேருகிற கெடுதலை எல்லாம் எடுத்துவிடும், ஐயா. சர்க்கரைக்காரர்கள் வாங்கிக்கொண்டு போகிறார்கள்."

பெரியவர் மடியில் இருக்கும் பணத்தை எண்ணிப் பார்க்கிறார். புட்டியை வாங்கினால், சர்க்கரை மாத்திரையை ஒரு மாதத்துக்கு வாங்க முடியாது. இருபது நாளுக்குத்தான் வாங்கலாம்.

புட்டியை வாங்குகிறார்!

எந்த ஊரிலும் நடக்கக்கூடிய காட்சி இது. பெரியவர் செய்தது சரியா, தப்பா?

இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், நம் உடம்புக்குள் இரவும் பகலும் நடக்கும் ஒரு சண்டையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

10 கோடிப் பேர்!

சர்க்கரை வியாதி ஒருகாலத்தில் பணக்காரர் வியாதி என்று சொல்லப்பட்டது. இன்று அந்தப் பேச்சு செல்லாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றும் சேர்ந்து நாடு முழுவதும் கணக்கு எடுத்தன. 1 லட்சத்து 13 ஆயிரம் பேரைப் பரிசோதித்தார்கள். 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் முடிவு வெளிவந்தது.

இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது என்பது அந்தக் கணக்கு. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர், வியாதி வருவதற்கு முந்திய படியில் நிற்கிறார்கள்.

நூறு பெரியவர்களைக் கூப்பிட்டு வரிசையாக நிறுத்தினால், அவர்களில் 11 பேர் சர்க்கரை வியாதிக்காரர்கள்!

இத்தனை பேர் இருக்கும் இடத்தில் வியாபாரமும் வரத்தான் செய்யும். பொடி, சூரணம், பழச்சாறு, மாத்திரை என்று எத்தனையோ சாமான்கள் விற்கின்றன. அவற்றில் பெரிய பெயர் வாங்கியது "ஆன்டி ஆக்சிடென்ட்" என்ற சொல்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் உண்மையான விஞ்ஞானம் இருக்கிறது. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் விஞ்ஞானம் சொல்வது ஒன்று, புட்டி சொல்வது வேறொன்று!

உயிரணுவின் அடுப்பு

இரும்பை வெளியில் போட்டால் துருப் பிடிக்கிறது. வெகுநாள் வைத்த எண்ணெய்ப் பலகாரத்தில் சிக்கு வாடை அடிக்கிறது. இந்த இரண்டையும் செய்வது காற்றில் உள்ள பிராண வாயு. அதைத்தான் ஆக்சிஜன் என்கிறோம்.

நம்மை வாழவைக்கும் பிராண வாயு, பொருள்களைக் கெடுக்கவும் செய்கிறது!

நம் உடம்பு கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. அநேகமாக ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் மிகச் சிறிய அடுப்புகள் இருக்கின்றன. அவற்றின் பெயர் மைட்டோகாண்ட்ரியா. நாம் உண்ணும் சோறு சர்க்கரையாக மாறி, இரத்தத்தில் கலந்து, இந்த அடுப்புக்கு விறகாக வந்து சேருகிறது. பிராண வாயுவின் உதவியால் விறகு எரிகிறது. நடப்பதற்கும் நினைப்பதற்கும் மூச்சு விடுவதற்கும் வேண்டிய சக்தி அப்படித்தான் கிடைக்கிறது.

அடுப்பு எரிந்தால் பொறி பறக்காமல் இருக்குமா?

இங்கும் பொறி பறக்கிறது. அந்தப் பொறியின் பெயர் சூப்பர் ஆக்சைடு. இது எதன்மேல் பட்டாலும் அதைக் கெடுக்கப் பார்க்கும். உயிரணுவின் சுவரை அரிக்கும். அதற்குள் இருக்கும் பரம்பரைக் குறிப்பையும் பழுதாக்கும்.

பொறி கொஞ்சமாக இருந்தால் பயம் இல்லை. உடம்பு சமாளித்துக்கொள்ளும். பொறி அதிகமாகி, அணைக்கிறவர் கை சளைத்துவிட்டால்தான் ஆபத்து. அந்த நிலைமைக்கு "ஆக்சிஜன் அழுத்தம்" என்று டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மூன்று காவல்காரர்கள்

பொறியை அணைப்பவர் யார்?

உடம்பே அதற்குக் காவல்காரர்களை வைத்திருக்கிறது. என்சைம் என்பது அவர்கள் ஜாதியின் பெயர். தமிழில் நொதி என்பார்கள். முக்கியமான காவல்காரர்கள் மூன்று பேர்.

முதல் காவல்காரர், சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ். பெயர் நீளம். வேலையோ மின்னல் வேகம்! பறக்கும் பொறியைப் பிடித்து ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற பொருளாக மாற்றுவது இவர் வேலை.

இவரை அடையாளம் கண்டுபிடித்தது ஒரு சுவையான கதை. மாட்டு இரத்தத்தில் செம்பு கலந்த ஒரு புரதம் இருப்பது 1938-ம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அது எதற்காக இருக்கிறது என்று யாருக்கும் புரியவில்லை. 1969-ம் ஆண்டில்தான், அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஃப்ரிடோவிச் என்ற பேராசிரியரும், மெக்கார்ட் என்ற அவருடைய மாணவரும் அதன் வேலையைக் கண்டுபிடித்தார்கள். 30 வருஷத்துக்கு மேல் ஆளைத் தெரியும், உத்தியோகம் தெரியாது!

இரண்டாவது காவல்காரர், கேட்டலேஸ். முதல் காவல்காரர் உண்டாக்கிய ஹைட்ரஜன் பெராக்சைடும் தீங்கு செய்யக்கூடியதே. அதைத் தண்ணீராகவும் பிராண வாயுவாகவும் பிரித்துவிடுவது கேட்டலேஸ். ஒரே ஒரு கேட்டலேஸ், ஒரு விநாடியில் பல லட்சம் தடவை இந்த வேலையைச் செய்யும்!

மூன்றாவது காவல்காரர், குளுட்டாத்தயோன் பெராக்சிடேஸ். இவரும் பெராக்சைடை ஒழிப்பவரே. ஆனால் இவர் வெறுங்கையால் வேலை செய்ய மாட்டார். குளுட்டாத்தயோன் என்ற ஆயுதம் கையில் இருக்க வேண்டும்.

ஜப்பானியச் சிறுமியின் இரத்தம்

இந்தக் காவல்காரர்களில் ஒருவர் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஜப்பானில் நடந்த ஒரு சம்பவம் இதற்குப் பதில் சொல்கிறது.

இரண்டாவது உலக யுத்தம் முடிந்த சமயம். ஒகயாமா என்ற ஊரில் தகஹாரா என்று ஒரு டாக்டர் இருந்தார். காது, மூக்கு, தொண்டை வைத்தியத்தில் கெட்டிக்காரர். வாய்க்குள் அழுகிய புண்ணோடு ஒரு சிறுமியை அவரிடம் கொண்டுவந்தார்கள்.

டாக்டர் ஆபரேஷன் செய்தார். பிறகு புண்ணைச் சுத்தம் செய்ய ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினார். சாதாரணமாக அந்த மருந்து இரத்தத்தில் பட்டவுடன் "புஸ்" என்று நுரை பொங்கும். இரத்தத்தில் உள்ள கேட்டலேஸ் அதைப் பிரித்து, பிராண வாயுவை வெளியே விடுவதுதான் நுரைக்குக் காரணம்.

ஆனால் அந்தச் சிறுமியின் புண்ணில் நுரையே வரவில்லை! சிவப்பு இரத்தம் கறுத்துப் போயிற்று!

டாக்டர் திடுக்கிட்டார். மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்றுகூடச் சந்தேகப்பட்டார். மருந்து சரியாகவே இருந்தது. சிறுமியின் இரத்தத்தில்தான் கேட்டலேஸ் இல்லை. அவளுடன் பிறந்தவர்கள் சிலருக்கும் அதே குறை இருந்தது. வாயில் இருக்கும் கிருமிகள் உண்டாக்கும் பெராக்சைடை ஒழிக்க ஆள் இல்லாமல், சதை அழுகியிருக்கிறது. 1952-ம் ஆண்டில் லண்டன் மருத்துவப் பத்திரிகையான "லான்செட்" இந்தச் செய்தியை வெளியிட்டது.

இதற்கும் சர்க்கரை வியாதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது!

ஹங்கேரி தேசத்தில் பிறவியிலேயே கேட்டலேஸ் குறைந்த குடும்பங்களைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். 2000-ம் ஆண்டில் முடிவு வந்தது. குறை உள்ளவர்களிடம் சர்க்கரை வியாதி அதிகம். அதே குடும்பங்களில் குறை இல்லாத உறவினர்களிடம் அப்படி இல்லை.

காவல் குறைந்த இடத்தில் வியாதி நுழைகிறது!

முயல்கள் சொன்ன ரகசியம்

காவல் குறைந்தால் சர்க்கரை வியாதி ஏன் வர வேண்டும்? இதை விளக்குவதற்கு ஸ்காட்லாந்து தேசத்து முயல்கள் சாட்சி.

யுத்த காலத்தில் குண்டு விழுந்து, இடிந்த சுவர்களுக்கு அடியில் மக்கள் சிக்கிக்கொண்டார்கள். உயிரோடு மீட்கப்பட்டவர்களில் சிலருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிற்று. ஏன் என்று கிளாஸ்கோ நகரில் டன் என்பவரும் மற்ற டாக்டர்களும் ஆராய்ந்தார்கள். பல இரசாயனங்களை முயல்களுக்கு ஊசி மூலம் ஏற்றிப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்று அலோக்சான்.

அலோக்சான் ஏற்றிய முயல்களின் கணையத்தைப் பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். அங்கே இன்சுலின் சுரக்கும் உயிரணுக்கள் மாத்திரம் செத்துக் கிடந்தன! 1943-ம் ஆண்டில் வெளியான செய்தி இது.

காரணம் பின்னால்தான் தெரிந்தது. அலோக்சான், உயிரணுவுக்குள் புகுந்து பொறிகளைக் கிளப்புகிறது. முயலின் இன்சுலின் உயிரணுக்கள் அந்தப் பொருளைச் சுலபமாக உள்ளே விட்டுவிடுகின்றன. அவற்றில் கேட்டலேஸும் குளுட்டாத்தயோன் பெராக்சிடேஸும் மிகக் குறைவு. கல்லீரல் வீட்டில் காவல்காரர் பட்டாளமே இருக்க, இன்சுலின் வீட்டின் வாசலில் ஒன்றிரண்டு பேர்தான் நிற்கிறார்கள்!

"மைதாவில் அலோக்சான் இருக்கிறது, பரோட்டா தின்றால் சர்க்கரை வியாதி வரும்" என்று ஒரு பேச்சு தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உலவுகிறது. முயலுக்கும் எலிக்கும் ஊசியில் ஏற்றிய கதைதான் இப்படிப் பரோட்டாக் கல்லுக்கு வந்து சேர்ந்தது! மனிதனின் இன்சுலின் உயிரணுக்கள் எலியினுடையதைப் போல அலோக்சானை உள்ளே விடுவதில்லை. மைதாவில் உள்ள அலோக்சானால் மனிதருக்குச் சர்க்கரை வியாதி வந்தது என்று நிரூபிக்கப்படவும் இல்லை.

அதற்காக மைதா நல்லது என்று அர்த்தம் அல்ல. உமியும் தவிடும் போன மாவு அது. சீக்கிரம் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் ஏறிவிடும். மைதாவைக் குறைப்பதற்கு அந்த ஒரு காரணமே போதும்.

விறகு அதிகமானால்...

சர்க்கரை வியாதி வந்தவரின் உடம்பில் என்ன நடக்கிறது?

இரத்தத்தில் சர்க்கரை ஏறியதும், உடம்பில் பல உயிரணுக்கள் கதவை ஓரளவு சாத்திக்கொள்கின்றன. அளவுக்கு மேல் சர்க்கரையை உள்ளே விடுவதில்லை. ஆனால் சில உயிரணுக்களுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வெளியே எவ்வளவு சர்க்கரையோ, உள்ளேயும் அவ்வளவு புகுந்துவிடும். கண்ணின் சிறு இரத்தக் குழாய்கள், சிறுநீரகத்தின் வடிகட்டி, நரம்புகளின் உறை ஆகியவற்றில் இருப்பவை அப்படிப்பட்ட உயிரணுக்கள்.

சர்க்கரை வியாதி கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் குறிபார்த்துத் தாக்குவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

அடுப்பில் விறகைத் திணித்தால் பொறி அதிகமாகப் பறக்கும். நியூயார்க்கில் பிரவுன்லீ என்ற டாக்டரும் அவருடைய கூட்டாளிகளும் இதை விளக்கிக் காட்டினார்கள். சர்க்கரை கூடியதும் மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பர் ஆக்சைடு பெருகுகிறது. சர்க்கரை வியாதி செய்யும் பல கெடுதல்களுக்கு அதுவே தொடக்கம் என்பது 2001-ம் ஆண்டில் அவர் சொன்ன கருத்து.

பொறி அதிகமாவது ஒரு கஷ்டம். அதே நேரத்தில் காவல்காரர்களும் பலவீனம் ஆகிறார்கள். அதுதான் பெரிய கஷ்டம்!

சர்க்கரைக்கு ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. இரத்தத்தின் சிவப்புப் பொருளில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் டாக்டர்கள் "மூன்று மாதச் சர்க்கரை" கணக்கைச் சொல்கிறார்கள். அதே சர்க்கரை, முதல் காவல்காரரான டிஸ்மியூட்டேஸ் மேலும் ஒட்டுகிறது. ஒட்டினால் அவர் வேலை மந்தம் ஆகிவிடுகிறது. ஜப்பானிய விஞ்ஞானிகள் 1987-ம் ஆண்டில் இதைக் கண்டார்கள்.

மூன்றாவது காவல்காரருக்கு வேறு தொல்லை. அவருடைய குளுட்டாத்தயோன் ஆயுதத்தை ஒவ்வொரு தடவையும் சாணை பிடிக்க வேண்டும். அதற்கு வேண்டிய பொருளை, கூடுதலான சர்க்கரையைச் சமாளிப்பதற்காக உயிரணு வேறு பக்கம் செலவழித்துவிடுகிறது. காவல்காரர் இருக்கிறார், ஆயுதம் மழுங்கிவிட்டது!

சர்க்கரை வியாதிக்காரர்களின் இரத்தத்தில் இந்த என்சைம்களை அளந்து பார்த்த ஆராய்ச்சிகள் பல. எல்லாம் ஒரே முடிவைச் சொல்லவில்லை. சிலவற்றில் என்சைம் குறைந்திருந்தது. சிலவற்றில் கூடியிருந்தது. ஆபத்து வந்ததும் உடம்பு முதலில் அதிகக் காவலைப் போட்டுப் பார்க்கிறது. வருஷக் கணக்கில் போராடிய பிறகு சளைத்துப் போகிறது என்று டாக்டர்கள் இதற்கு விளக்கம் தருகிறார்கள்.

மாத்திரையின் கதை

காவல்காரர் சளைத்தால், வெளியிலிருந்து ஆள் அனுப்பலாமே! வைட்டமின் "இ", வைட்டமின் "சி", பீட்டா கரோட்டின் எல்லாம் பொறியை அணைக்கக்கூடியவை. அவற்றை மாத்திரையாக விழுங்கினால் போதாதா?

நியாயமான யோசனைதான். உலகத்தின் பெரிய டாக்டர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அதனால் ஆயிரக்கணக்கான பேருக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள்.

பின்லாந்து தேசத்தில் புகை பிடிக்கும் 29 ஆயிரம் ஆண்களைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்பது நம்பிக்கை. 1994-ம் ஆண்டில் கணக்குப் பார்த்தார்கள். மாத்திரை தின்றவர்களிடம் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது!

அமெரிக்காவிலும் இதே போன்ற பரிசோதனை நடந்தது. அங்கேயும் புற்றுநோய் கூடியது. 1996-ம் ஆண்டில் பரிசோதனையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு என்ன ஆயிற்று? இருதயக் கோளாறு வரும் ஆபத்து உள்ள 9,541 பேருக்கு நடந்த ஒரு பரிசோதனையில், 3,654 பேர் சர்க்கரை வியாதிக்காரர்கள். பாதிப் பேருக்கு வைட்டமின் "இ" மாத்திரை. மறு பாதிக்கு மருந்து இல்லாத வெறும் மாத்திரை. நாலரை வருஷம் இப்படி நடந்தது.

மாரடைப்பு குறைந்ததா? இல்லை. பக்கவாதம் குறைந்ததா? இல்லை. சிறுநீரகம் தப்பியதா? அதுவும் இல்லை!

அவர்களில் பலரை இன்னும் சில வருஷம் கவனித்தார்கள். 2005-ம் ஆண்டில் வந்த செய்தி கவலை தந்தது. வைட்டமின் "இ" தின்றவர்களிடம் இருதயம் பலவீனம் அடைவது சற்று அதிகமாக இருந்தது.

செலினியம் என்ற தாதுச் சத்தின் கதையும் இதுதான். மூன்றாவது காவல்காரருக்கு அது வேண்டிய சத்து. ஆகவே மாத்திரையாகக் கொடுத்தால் நல்லது என்று எண்ணினார்கள். அமெரிக்காவில் நடந்த ஒரு பரிசோதனையில், செலினியம் மாத்திரை தின்றவர்களுக்குச் சர்க்கரை வியாதி அதிகமாக வந்தது! 2007-ம் ஆண்டில் இது வெளியாயிற்று.

ஏன் பலிக்கவில்லை?

காரணங்கள் பல.

உடம்பின் என்சைம், ஒரு பொறியை அணைத்துவிட்டு உடனே அடுத்த பொறிக்குப் போகும். விநாடிக்குப் பல்லாயிரம் பொறிகளை அணைக்கும். வைட்டமின் அப்படி அல்ல. ஒன்று ஒரு பொறியை அணைத்ததும் சோர்ந்து உட்கார்ந்துவிடும். பட்டாளத்தின் வேலையை விருந்தாளி செய்ய முடியுமா?

"அப்படியானால் என்சைமையே மாத்திரையாக விழுங்கலாமே" என்றால், அதுவும் நடக்காது. என்சைம் ஒரு புரதம். வயிற்றுக்குள் போனால், பருப்பும் முட்டையும் செரிப்பதுபோல அதுவும் செரித்துவிடும்.

இன்னொன்று. பொறி எல்லாமே கெட்டது அல்ல. நோய்க் கிருமிகளைக் கொல்ல, நம் வெள்ளை அணுக்கள் இதே பொறியைத்தான் ஆயுதமாக எடுக்கின்றன. எல்லாப் பொறியையும் அணைத்துவிட்டால், அடுப்பில் உலை கொதிக்காது!

எல்லாவற்றுக்கும் மேலாக, மாத்திரை பொறியைத்தான் துரத்துகிறது. அடுப்பில் திணித்த விறகை அது எடுப்பதில்லை. இரத்தத்தில் சர்க்கரை ஏறிக்கொண்டே இருந்தால், பொறியும் பறந்துகொண்டேதான் இருக்கும்.

காவலைக் கூட்டும் வழி

மாத்திரை இல்லாமல் காவலைக் கூட்ட முடியுமா? முடியும்! காசும் செலவில்லை. அதற்குப் பெயர் நடை.

ஜெர்மனியில் ரிஸ்டோ என்ற விஞ்ஞானியும் அவருடைய கூட்டாளிகளும் 2009-ம் ஆண்டில் ஒரு வேடிக்கையான முடிவை வெளியிட்டார்கள். வாலிபர்களை 4 வாரம் தேகப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். பாதிப் பேருக்கு வைட்டமின் "சி" மாத்திரையும் "இ" மாத்திரையும் கொடுத்தார்கள்.

மாத்திரை தின்னாதவர்களின் உடம்பில் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. காவல்கார என்சைம்களும் கூடின. மாத்திரை தின்றவர்களுக்கு இந்த நன்மை கிட்டவில்லை!

பயிற்சி செய்யும்போது உடம்பில் சிறிது பொறி பறக்கிறது. அதைப் பார்த்து உடம்பு விழித்துக்கொள்கிறது. "காவலைக் கூட்டு!" என்று உத்தரவு போடுகிறது. மாத்திரையோ அந்தப் பொறியை முன்னாலேயே அணைத்துவிடுகிறது. உத்தரவு பிறக்கவில்லை. இப்படி விஞ்ஞானிகள் விளக்கினார்கள். பிறகு நடந்த எல்லாப் பரிசோதனைகளிலும் மாத்திரை இப்படித் தடை செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நடையின் நன்மையை யாரும் மறுக்கவில்லை.

சமையல் அறையிலும் ஒரு வழி இருக்கிறது. பொரிப்பதும் வறுப்பதும் சுடுவதும், சர்க்கரை ஒட்டிய சில கெட்ட பொருள்களை உணவில் பெருக்குகின்றன. அவை உடம்புக்குள் போனால் பொறியைக் கூட்டும். சென்னையில், எடை அதிகம் உள்ள 38 பேருக்கு 12 வாரம் இரண்டு வகைச் சாப்பாடு மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். அவித்தும் வேகவைத்தும் சமைத்த சாப்பாட்டில் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. 2024-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி இது. சிறிய ஆராய்ச்சிதான், என்றாலும் நம் வீட்டுச் சாப்பாட்டைப் பற்றியது.

இட்லியும் இடியாப்பமும் ஆவியில் வெந்தவையே. ஆனால் ஆவியில் வெந்தது என்பதற்காகப் பத்து இட்லி சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அளவு முக்கியம். கீரையும் காயும் கூடச் சேர்ந்தால் நல்லது.

விறகைக் குறையுங்கள்!

மிகப் பெரிய வழி எது? சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதே!

அமெரிக்காவிலும் கனடாவிலும், சிறு வயதிலேயே வரும் வகைச் சர்க்கரை வியாதி உள்ள 1,441 பேரைப் பல வருஷம் கவனித்தார்கள். 1993-ம் ஆண்டில் முடிவு வந்தது. சர்க்கரையைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களிடம் கண் கெடும் ஆபத்து 76 சதவீதம் குறைந்தது. சிறுநீரகம் கெடுவது 50 சதவீதமும், நரம்பு கெடுவது 60 சதவீதமும் குறைந்தன!

பெரிய வயதில் வரும் வகைக்கு, பிரிட்டனில் 5 ஆயிரம் பேருக்கு மேல் சேர்த்து ஒரு பரிசோதனை நடந்தது. 1998-ம் ஆண்டில் முடிவு வந்தது. சிறு இரத்தக் குழாய்களில் வரும் கோளாறு 25 சதவீதம் குறைந்தது.

இன்னொரு அதிசயமும் தெரிந்தது. தொடக்கத்திலேயே சர்க்கரையைக் கட்டியவர்களுக்கு, பத்து வருஷம் கழிந்த பிறகும் நன்மை தொடர்ந்தது. தொடக்கத்தில் அலட்சியமாக இருந்தவர்கள், பிறகு கட்டுப்படுத்தியும் அந்த நன்மையை முழுவதும் எட்டிப் பிடிக்கவில்லை. உடம்பு பழைய சர்க்கரையை ஞாபகம் வைத்திருக்கிறது!

எந்தப் புட்டியும் இதுவரை இப்படி ஒரு கணக்கைக் காட்டவில்லை.

சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்குவதும் ஆபத்து என்பதை மறக்கக் கூடாது. திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, மயக்கம் வரும். எவ்வளவு இறக்கலாம் என்பதை, வயதையும் உடம்பையும் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

டாக்டர் எழுதிக் கொடுக்கும் வைட்டமின் மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை வெகுநாள் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் "பி-12" குறையக்கூடும். அதற்கு மாத்திரை அவசியம். கால் எரிச்சலுக்கு லிப்போயிக் அமிலம் சிறிது பலன் தந்ததாகச் சில பரிசோதனைகள் கூறுகின்றன. அதுவும் டாக்டர் முடிவு செய்ய வேண்டியதே. உடம்பில் இல்லாததைக் கொடுப்பது வைத்தியம். இருக்கிறதா, இல்லையா என்று பாராமல் விழுங்குவது வீண் செலவு!

பெரியவர் திரும்பி வந்தால்...

மருந்துக் கடைப் பெரியவரை மறுபடி நினைத்துப் பாருங்கள்.

அவர் கையில் பளபளப்பான புட்டி இருக்கிறது. ஆனால் மாதக் கடைசியில் பத்து நாளுக்குச் சர்க்கரை மாத்திரை இல்லை. அந்தப் பத்து நாளும் அவர் இரத்தத்தில் சர்க்கரை ஏறும். கண்ணிலும் சிறுநீரகத்திலும் காலிலும் பொறி பறக்கும். பொறியை அணைக்க வாங்கிய புட்டியே, பொறியைக் கிளப்பக் காரணமாகிவிடும்!

அவருடைய மகனோ மகளோ பக்கத்தில் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லலாம்:

"அப்பா, புட்டி வேண்டாம். டாக்டர் எழுதிய மாத்திரையை முப்பது நாளுக்கும் முழுசாக வாங்குவோம். மிச்சப் பணத்தில் கீரையும் காயும் வாங்குவோம். வீட்டுக்கு ஆட்டோ வேண்டாம், நடந்தே போவோம்!"

உடம்புக்குள் மூன்று காவல்காரர்கள் சம்பளம் இல்லாமல் இரவும் பகலும் உழைக்கிறார்கள். அவர்களுக்குப் புதுச் சிப்பாய்கள் தேவை இல்லை.

விறகைக் குறைத்தால் போதும். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்!